அட்டையில் கட்டிய பக்கிள்

ஆம்பூரில் பேர்ணாம்பட்டு ரோட்டுப் பக்கம் போய் ‘பக்கிள் காசி ஷெட்டு எங்கே’ என்று கேட்டால் இன்றைக்கும் வழி சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பூட்டியிருக்கும், அது வேறு விஷயம். தகரக் கதவில் பேர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லி அவர் மனைவி மோகனா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நாளைக்குக் கழற்றுகிறேன், நாளைக்குக் கழற்றுகிறேன் என்று ஒரு வருஷம் போய்விட்டது.

பக்கிள் என்றதும் ஏதோ பெரிய சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். செருப்பு வாரை இழுத்து மாட்டுகிற உலோக வளையம், நடுவில் ஓர் ஊசி, அவ்வளவுதான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் அந்தச் சுண்டைக்காய் வந்து சேரவில்லையென்றால் பத்தாயிரம் ஜோடி செருப்பும் பெட்டிக்குள் போகாது. கப்பல் அதன்பாட்டுக்குப் போய்விடும்.

காசிநாதன் திமிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். மெஷின் நின்றால் காசியைக் கூப்பிடு என்பார்கள். வருவார், பக்கத்தில் குனிந்து கேட்பார், ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகுவார், ஓடும். அதற்குமேல் யாரும் அவரைப் பற்றி யோசித்ததில்லை. அவரும் யோசித்ததில்லை.

அப்புறம் எல்லையில் சண்டை வந்தது. எங்கேயோ பனிமலையில் இரண்டு நாட்டு ராணுவமும் மோதிக்கொண்டதன் சூடு ஆம்பூர் வரைக்கும் அடித்தது. சீனாவிலிருந்து வந்த பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் அப்படியே நின்றன. சோதனை, அனுமதி, மறுபடி சோதனை என்று ஒரே கெடுபிடி. ஆம்பூர்ச் செருப்புக்குத் தோல் உள்ளூர், தையல் உள்ளூர், ஆள் உள்ளூர். பக்கிள் மட்டும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனியில் கொள்முதல் பார்க்கிற இஷ்தியாக் அகமது கையைப் பிசைந்துகொண்டு திரிந்தார். ரிவிட் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?”

“பக்கிள் துறைமுகத்துல கீது காசி. எப்ப வுடுவாங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்த சீசன் அவன் நம்ம பக்கமே வரமாட்டான்.”

“ஒரு பக்கிள் குடுங்க சார். நான் செஞ்சு பாக்கறேன்.”

இஷ்தியாக் சிரித்துவிட்டார். சிரித்தாலும் பக்கிளைக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, காசிநாதன் அந்த இருபத்து மூன்று நாளும் மனுஷனாக இல்லை. தெரிந்தவர் லேத் பட்டறையில் உட்கார்ந்து, பக்கிளை வார்க்கிற டை என்ற எஃகு அச்சைத் தன் கையாலேயே குடைந்தார். ஒரு தலைமுடி அகலம் தப்பினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கண் சிவந்து, விரலெல்லாம் கீறல். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற மோகனா, “இன்னாங்க, பக்கிள் செய்றீங்களா, தாலி செய்றீங்களா?” என்று கேட்டாள்.

இருபத்து நாலாம் நாள் இஷ்தியாக் தன் உள்ளங்கையில் இரண்டு பக்கிளையும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாளரத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எது உன்னோடது?”

“நீங்களே சொல்லுங்க சார்.”

அவரால் சொல்ல முடியவில்லை. காசிநாதனின் ஐம்பது வருஷ வாழ்க்கையில் அதைப்போல ஒரு நிமிஷம் முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

இந்த ஊர்த் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் ஒத்துக்கொள்ளப்பட்டால் அதில் இரண்டை எடுத்து இரண்டு அட்டையில் கம்பியால் கட்டுவார்கள். வாங்குகிறவர், செய்கிறவர் இரண்டு பேரும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஓர் அட்டை கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருக்கும், இன்னொன்று செய்கிறவரிடம் இருக்கும். அதற்குப் பிறகு லட்சம் வார்த்தாலும் ஒவ்வொன்றும் அந்த அட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி அட்டையில் காசிநாதன் கையெழுத்துப் போட்ட வேகத்தில், ‘ன்’ மேல் வைக்கிற புள்ளி அட்டைக்கு வெளியே போய்விட்டது.

வேலையை விட்டார். ஷெட் பிடித்தார். பழைய வார்ப்பு மெஷின் ஒன்றை வாங்கித் தானே சரிசெய்தார். பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதில் முக்கியமானவர் சுகரா பேகம். நாற்பது வயசு, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். செக்கிங் அவர் வேலை. ஆணியில் தொங்குகிற அட்டைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, பக்கிளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் ஒரு சுற்றுத் தடவி, ஊசியை ஒரு தட்டுத் தட்டி, அட்டையை ஒரு பார்வை பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் போடுவார். நாளைக்கு நாலாயிரம். முதல் வருஷம் இடப்பக்கத் தட்டைக் காசிநாதனே எடுத்துப்போய் உருக்குகிற சட்டியில் கொட்டுவார்.

“உங்க கண்ணு இருக்கற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல சுகராம்மா” என்று எல்லார் எதிரிலும் சொல்லுவார். அவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவார்.

ஊரில் இருந்த கம்பெனியெல்லாம் தேடிக்கொண்டு வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்தார்கள், வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். வாசலில் வண்டி நிற்கும். பக்கிள் ஆறுவதற்குள் அள்ளிக்கொண்டு போவார்கள். ஃபிட்டர் காசி, காசி சார் ஆனார். தலைகால் புரியவில்லை என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான்.

இரண்டாம் வருஷம் அட்டையில் எண்ணெய் பட்டு ஊறிப்போனது. காசிநாதன் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அன்றைக்கு வந்த லாட்டிலிருந்து ஒரு பக்கிளை எடுத்துப் புது அட்டையில் கட்டினார்.

“பழசை ஏன் அண்ணா எடுத்தீங்க? அதை வெச்சுத்தானே பாக்கணும்” என்றார் சுகரா.

“எல்லாம் நம்ம பக்கிள்தானே சுகராம்மா. ஒரே டை, ஒரே கை. எது கட்டினா இன்னா?”

அந்தப் பழைய பக்கிள் உருக்குச் சட்டிக்குள் போனது. அடுத்த சீசனில் அட்டை மறுபடி மாறியது. அதற்கடுத்த சீசனிலும் மாறியது. ஒவ்வொரு தடவையும் புது லாட்டை முந்தின லாட்டோடு வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது. அந்தக் கிட்டத்தட்டதான் மனுஷனைக் கவிழ்த்தது.

டை தேயத்தான் செய்யும். லட்சக்கணக்கில் வார்த்தால் விளிம்பு மழுங்கும். புது டை குடைய வேண்டுமென்றால் இரண்டு மாசம் மெஷினை நிறுத்த வேண்டும். வாசலில் வண்டி நிற்கும்போது யார் நிறுத்துவார்? அப்புறம், வார்த்து ஒடித்த மிச்சத் துண்டுகளைப் புது உலோகத்தோடு கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது பாதிக்குப் பாதி ஆனது. பளபளப்புக்கான நிக்கல் பூச்சுத் தொட்டியில் ஊறுகிற நேரம் குறைந்தது, மறுபடி குறைந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேறு எங்கே போவார்கள்? துறைமுகம்தான் மூடிக் கிடந்ததே.

சுகரா மட்டும் கேட்டார். ஒருநாள் சாயங்காலம் இடப்பக்கம் இரண்டு தட்டு நிரம்பியிருந்தது. வண்டிக்காரன் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

“இது இன்னா, இவ்ளோ ஜாஸ்தி?” என்றார் காசிநாதன்.

“பளபளப்பே இல்ல அண்ணா. வெயிட்டும் கம்மியா கீது. ஊசி ஆடுது. இத அனுப்பாதீங்க.”

“அட்டையோட வெச்சுப் பாத்தியா?”

“அட்டையே சரி இல்ல அண்ணா.”

காசிநாதனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! “வாங்கறவன் கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதா? நீ பக்கிள் பாக்கறியா, என்னை வேவு பாக்கறியா?” என்று கத்திவிட்டார். கத்தியதோடு நிற்கவில்லை. பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு தட்டையும் தூக்கி, நல்ல பக்கிள் இருந்த பெட்டியில் தன் கையாலேயே கொட்டிக் கலக்கிவிட்டார்.

சுகரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு இடப்பக்கத் தட்டு நிரம்பவே இல்லை. நம்ம சாமான் இப்போது எவ்வளவு சுத்தமாக வருகிறது பார் என்று காசிநாதன் மோகனாவிடம் பெருமையாகச் சொன்னார். இதை நினைத்தால்தான் இப்போதும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாடும் மறுபடி பேச ஆரம்பித்தன. கெடுபிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கடைசியில் எடுத்தே விட்டார்கள். துறைமுகத்தில் பெட்டிகள் இறங்கின. ஒரு மாசத்துக்குள் காசிநாதன் ஷெட் வாசலில் வண்டி நிற்பது நின்றுபோனது. வாணியம்பாடிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. ராணிப்பேட்டைக்காரர்கள் எடுத்து, அப்புறம் பேசுகிறோம் என்றார்கள்.

அவருக்கு மட்டுமில்லை. சோல் செய்தவர், லேஸ் செய்தவர், பிசின் கலந்தவர் என்று அந்த அஞ்சு வருஷத்தில் முளைத்த அத்தனை பேருக்கும் ஆர்டர் வருவது நின்றது. ஒழுங்காக வேலை செய்தவர்களும் அதில் உண்டு, விலையில் மட்டுமே தோற்றவர்கள். அவர்களுக்கு நியாயம் கேட்க உரிமை இருந்தது. வேலூரில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். காசிநாதனும் மேடை ஏறினார்.

“நம்ம சாமான் அவன் சாமானுக்கு எதுல கம்மி? பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும்! பேரு எழுதாம மேசை மேல வைக்கட்டும். தொட்டுப் பாத்தே எது யாரோடதுன்னு சொல்றேன்!”

கைதட்டல் அடங்க நேரமானது. அந்தப் பேச்சை யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றி இஷ்தியாக் அகமதுவிடமும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே அவர் கூப்பிட்டார்.

“காசி, அடுத்த சீசன் சாண்டலுக்குப் பக்கிள் முடிவு பண்ணணும். விலை கொஞ்சம் ஜாஸ்தி ஆனாலும் உனக்குக் குடுக்கணும்னு மேல கேட்டுக்கினு இருக்கேன். சாமான் ஒண்ணா இருந்தா போதும், ஒத்துக்குவாங்க. நாளைக்கு வா. நீ மேடையில சொன்ன மாதிரியே வெச்சுப் பாத்துடலாம்.”

காசிநாதன் கிளம்பும்போது ஷெட்டில் எல்லாரும் வாசல்வரை வந்தார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால் ஷெட் ஓடும், கிடைக்காவிட்டால் மாசக் கடைசியோடு மூட வேண்டியதுதான். எல்லாருக்கும் அது தெரியும். “நம்ம பக்கிள் ஜெயிக்கும் பாருங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். சுகரா மட்டும், “அண்ணா, ஒரு நிமிஷம்” என்று ஏதோ சொல்ல வந்தார். “வந்து கேக்கறேன் சுகராம்மா” என்று போய்விட்டார்.

சாம்பிள் ரூமில் வெள்ளை விளக்குக்குக் கீழே ஒரு மேசை. தரம் பார்க்கிற அம்பரீன் என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள், கம்பெனிக்குப் புதுசு. மேசைமேல் துணி விரித்து மூன்று பக்கிள்.

“மூணு எதுக்கு?” என்றார் காசிநாதன்.

“ரெண்டு வெச்சா குருட்டாம்போக்குல சொல்லிடலாம் சார். இதுல உங்களோடது எது, இறக்குமதி எதுன்னு சொல்லுங்க.”

முதல் பக்கிளை எடுத்தார். கையில் வைத்ததுமே உள்ளங்கை அதன் எடையை அறிந்துகொண்டது. விளிம்பு சுத்தமாக வெட்டி நின்றது. ஊசியைத் தட்டினார், ‘டிக்’ என்று பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

“இது என்னோடது. தூக்கத்துல குடுத்தாலும் சொல்வேன்.”

இரண்டாவதை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். “இதுவும் என்னோடதுதான் போல கீது. நல்ல வேலை.”

மூன்றாவதை எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேசாக இருந்தது. விளிம்பு சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருந்தது. பூச்சில் பொடிப்பொடியாகப் புள்ளி. ஊசி லொடலொடவென்று ஆடியது.

“இதா சார் அது? இதுக்கா கப்பல் ஏத்திக்கினு வர்றாங்க? கருமம்! இதை செஞ்சவனை வுடுங்க, இதைப் பாத்து பாஸ் பண்ணான் பாருங்க, அவனுக்குக் கண்ணு முதுகுலயா கீது?”

யாரும் சிரிக்கவில்லை. அம்பரீன் தலை குனிந்துகொண்டாள். இஷ்தியாக் மெதுவாக மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். பழுப்பேறிய அட்டை, பக்கிள் கட்டியிருந்த கம்பி மட்டும் அதில் அவிழ்ந்து தொங்கியது. கீழே காசிநாதனின் கையெழுத்து. ‘ன்’னுக்குப் புள்ளி இல்லை.

“மொதல்ல எடுத்தது இந்த அட்டையில இருந்தது காசி. நீ லேத்துல உக்காந்து செஞ்சது. ரெண்டாவது இறக்குமதி.”

“அப்ப மூணாவது?”

அம்பரீன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தாள். அவருடைய ஷெட்டின் பேர் அச்சடித்த பெட்டி. “போன மாசம் நீங்க அனுப்பினது சார்” என்றாள்.

காசிநாதன் நம்பவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒன்று எடுத்தார், இன்னொன்று எடுத்தார், அள்ளி மேசைமேல் கொட்டினார். எல்லாம் அதே மழுங்கல், அதே புள்ளி. உட்காரச் சொல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். சீனாக்காரனிடம் தோற்றிருந்தால்கூட மனுஷன் தாங்கியிருப்பார். தன்னிடமே தோற்றிருந்தார்.

“நாங்களும் கண்ண மூடிக்கினுதான் வாங்கினோம்” என்றார் இஷ்தியாக். “அப்ப வேற வழி இல்ல. இப்ப விலைதான் பிரச்சினைன்னா நான் மேல சண்டை போட்டிருப்பேன் காசி. இதை வெச்சுக்கினு இன்னா சண்டை போட்றது? சொல்லு, அந்த மொதல் பக்கிள் மாதிரி இன்னிக்கு உன்னால குடுக்க முடியுமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “டை தேஞ்சு போச்சு சார். புதுசு குடையணும். ரெண்டு மாசம் ஆகும்.”

“மூணு வாரத்துல ஷிப்மெண்ட்.”

காசிநாதன் எழுந்தபோது இஷ்தியாக் அந்த முதல் பக்கிளை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். “இது இனிமே எங்களுக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஜாஸ்தி வலித்தது.

ஷெட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லாரும் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்கள். காசிநாதன் நேராகச் செக்கிங் மேசைக்குப் போய் அந்தப் பக்கிளைச் சுகராவின் முன்னால் வைத்தார். சுகரா எடுத்துத் தடவினார், ஊசியைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

“யா அல்லா, இது நம்ம பழைய பக்கிள் இல்ல? எங்க கெடச்சுது?”

“சுகராம்மா, காலையில இன்னா சொல்ல வந்தீங்க?”

சுகரா தயங்கினார். “போட்டிக்கு எதை வெப்பாங்கன்னு தெரியல. இப்ப வர்றதை வெச்சா நாம தோத்துடுவோம், முன்னாடியே சொல்லி டைம் கேளுங்கன்னு சொல்லலாம்னு வந்தேன் அண்ணா.”

“இத்தினி நாள் ஏன் சொல்லல?”

“சொன்னேனே அண்ணா” என்றார் சுகரா. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. “நீங்க தட்டைக் கொட்டிட்டீங்க.”

காசிநாதன் ஐம்பத்தைந்து வயசுக்காரர், பதினோரு பேர் எதிரில் அழுதார். மாசக் கடைசியில் ஷெட்டை மூடினார்.

இப்போது அவர் மறுபடி அதே கம்பெனியில் ஃபிட்டர். அதே காக்கிச் சட்டை. சார் போய்க் காசி ஆகிவிட்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இரண்டு பேர் சொந்த ஊரான ஆலங்காயத்துக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி. சுகராவை இஷ்தியாக் கூப்பிட்டு, வெளியிலிருந்து வருகிற சாமானைச் சோதிக்கிற இடத்தில் போட்டார். பக்கிளுக்கு அங்கே அவர்தான்.

போன வாரம் அந்த அறையில் ஃபேன் ஓடவில்லை என்று காசிநாதனைக் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி நின்றவர் கீழே பார்த்தார். சுகரா கப்பலில் வந்த பக்கிளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி, தட்டி, வலப்பக்கமும் இடப்பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் அட்டை. இடப்பக்கத் தட்டு நிரம்பிவிட்டது. வெளியே லைனில் பக்கிள் வேண்டுமென்று கத்திக்கொண்டிருந்தார்கள். அம்பரீன் வேகமாக உள்ளே வந்தாள்.

“எவ்ளோ ரிஜக்ட்டு?”

“ஒரு தட்டு மேடம். பூச்சு சரி இல்ல.”

காசிநாதன் ஏணியில் நின்றபடி, திருகுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்பரீன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அட்டையோடு வைத்துப் பார்த்தாள். தட்டைத் தூக்கினாள். சிவப்புச் சீட்டை ஒட்டி, “திருப்பி அனுப்பிடுங்க. லைன் நிக்கட்டும், பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுகரா நிமிர்ந்து ஏணியைப் பார்க்கவில்லை. காசிநாதன் ஃபேனைச் சரிசெய்து முடித்தும் வெகுநேரம் மேலேயே நின்றார்.